கிறிஸ்டினாவைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு

போன சனிக்கிழமை நாங்கள் இருக்கும் பென்சில்வேனியா ஊரின் நூலகத்தில் ஓவியர் ஆண்ட்ரூ வையெத் பற்றி ஒரு உரை. இலவசம், கூடவே காபி. அவர் பிறந்த சாட்ஸ் ஃபோர்டும் இதே மாநிலம்தான் என்பதால் நல்ல கூட்டம். பாதிப் பேருக்கு மேல் என் அம்மா வயது.

திரையில் 'கிறிஸ்டினாவின் உலகம்' வந்ததும் பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பலரும் பார்த்திருப்பீர்கள்: காய்ந்த புல்வெளி, மேட்டில் ஒரு பழைய வீடு, நமக்கு முதுகைக் காட்டி, கையை ஊன்றி, அந்த வீட்டையே பார்க்கும் பிங்க் கவுன் பெண். 1948-இல் வரைந்தது. பேச்சாளரும் ஏக்கம், தனிமை, எட்டாத வீடு என்று பத்து நிமிடம் உருகினார். எனக்கு அங்கேதான் ஒட்டவில்லை.

கிறிஸ்டினா ஓல்சன் நிஜ மனுஷி. மெய்ன் மாநிலத்தின் குஷிங்கில், அதே வீட்டில், தம்பியோடு வாழ்ந்தவர். கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துபோயின. சக்கர நாற்காலி வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டு, போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஊர்ந்தே போனார். அப்படி அவர் வயலில் போவதை ஒருநாள் வையெத் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். படம் அங்கே பிறந்தது. எட்டாத வீடாம்! அவர் ஊர்ந்து போய் வந்துகொண்டிருந்த சொந்த வீடு அது. ஊரார் கதியற்றது என்று நினைக்கும் வாழ்க்கையை அவர் வென்ற விதத்துக்கு நியாயம் செய்வதே தன் முன் இருந்த சவால் என்று வையெத்தே சொல்லியிருக்கிறார்.

சரி, நியாயம் செய்தாரா? இதில் எனக்கு வையெத் மீதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அப்போது கிறிஸ்டினாவுக்கு 55 வயது. படத்தில் உடம்புக்கு மாடலாக இருந்தவரோ, இருபதுகளில் இருந்த வையெத்தின் மனைவி பெட்ஸி. முகமும் தெரியவில்லை, வயதும் தெரியவில்லை என்றால் பார்க்கிறவர்கள் இளம்பெண்ணின் ஏக்கம் என்று எடுத்துக்கொள்ளத்தானே செய்வார்கள்? 1952-இல் அவர் வரைந்த 'மிஸ் ஓல்சன்' படத்தைத் தேடிப் பாருங்கள். மூக்கும் முகவாயும் கூர்மையாக, கையில் பூனைக்குட்டியோடு இருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எவரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள். பேச்சாளர் அதைக் காட்டவே இல்லை.

ஆனால் அந்தப் புல் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முட்டை மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்து வரைகிற டெம்பெரா. சட்டென்று காய்ந்துவிடும், எண்ணெய் வண்ணம் போல இழுத்துக் கலக்க முடியாது. மெல்லிய கோடாகக் கோட்டின் மேல் கோடு வைக்க வேண்டும். ஊர்ந்து போகிற ஒருவருக்குப் புல் எவ்வளவு பக்கத்தில் இருக்குமோ, அவ்வளவு பக்கத்தில் ஒவ்வொரு இதழையும் வரைந்திருக்கிறார். இதைப் பேச்சாளர் அழகாகச் சொன்னார், அதையும் சொல்லிவிடுகிறேன்.



கேள்வி நேரத்தில் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். பக்கத்திலிருந்த பாட்டி தன் கைத்தடியால் என் செருப்பை லேசாகத் தட்டி, "நானும் என் மகளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.