புதுநன்மை வகுப்புக்கு ஆள் வேண்டும்

"எனக்கே ஒன்றும் தெரியாது சிஸ்டர், நான் போய் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க?" புதுநன்மைக்கு, அதாவது பூசையில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவதற்கு, கத்தோலிக்கப் பிள்ளைகளைத் தயார்செய்யும் மறைக்கல்விக்கு ஆள் கேட்கும்போதெல்லாம் வருகிற பதில் இது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் சொன்னேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதல் ஞாயிறு சிலுவை அடையாளம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளைப் பார்த்து நின்று நான் வலது கையால் போட, பாதிப்பேர் இடது கையால் போட்டார்கள். கையை மாற்றச் சொன்னால் தோள் மாறிப்போனது. கூட இருந்த மூத்த டீச்சர் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துத் திருப்பி, பிள்ளைகளின் வரிசையிலேயே நிற்கவைத்தார். எல்லாரும் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, பார்த்தபடி போட்டோம். ஒரு கைகூட மாறவில்லை. இன்றுவரை நான் அப்படித்தான் நிற்கிறேன்.

ஒரு காலத்தில் பல இடங்களில் புதுநன்மைக்குப் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தார்கள். 1910இல் திருத்தந்தை (போப்) பத்தாம் பயஸ் அதை ஏறக்குறைய ஏழு வயதுக்குக் கொண்டுவந்தார். மறைக்கல்வி முழுவதும் தெரிந்திருக்கத் தேவையில்லை, நற்கருணை சாதாரண அப்பம் அல்ல என்று பிள்ளை தன் வயதுக்கேற்பப் புரிந்துகொண்டால் போதும் என்றது அந்த ஆணை. நாமோ அறுபது கேள்வியை மனப்பாடம் செய்யவைத்து, வாய்மொழித் தேர்வு வைத்து, ஒரு வரி தவறினால் முறைக்கிறோம். இது எனக்குச் சம்மதமே இல்லை. மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரலோக மந்திரமும் அருள் நிறைந்த மரியேயும் நாக்கில் ஊறியிருக்க வேண்டும். மனசு உடைந்த நாளில் சொந்த வார்த்தை வராது, அதுதான் வரும். ஆனால் பயந்துகொண்டே ஒப்பிக்கிற பிள்ளை, தேர்வு முடிந்ததும் கோயிலையும் மறந்துவிடும்.

அப்புறம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கையைச் சொல்லிக்கொடுக்கும் முதல் கடமை உங்களுடையது. திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளை எங்களோடு. மீதி 167 மணி நேரம் எங்களிடம் இல்லை. வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல் பூசைக்கும் கூடவே வந்து உட்காருங்கள்.

போன வருடம் ஒரு பையன் கேட்டான்: "தாத்தாவுக்காக தினமும் ஜெபம் பண்ணினேன் மிஸ். இயேசு ஏன் கேட்கலை?" வகுப்பே அமைதியாகிவிட்டது. பெரிய விளக்கமெல்லாம் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "எனக்குத் தெரியலை கண்ணா" என்றேன். நண்பர் இலாசர் இறந்தபோது இயேசுவும் அழுதார் என்று யோவான் நற்செய்தியைத் திறந்து, அந்த வரியை அவனையே வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தான். அடுத்த ஞாயிறு வந்ததும் முதல் வேலையாக என்னிடம் சொன்னான்: "அந்த வரியைப் பாட்டிக்கு வாசிச்சுக் காட்டினேன் மிஸ்."

இதற்கு என்ன பட்டம் வேண்டும், சொல்லுங்கள்? 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்கான (குருவாக இல்லாத சாதாரண விசுவாசிகளுக்கான) ஒரு திருப்பணியாகவே நிறுவினார். குருவும் சிஸ்டரும் மட்டும் சுமக்க வேண்டிய வேலை இல்லை இது. பாடப் புத்தகம் தருவார்கள், பயிற்சியும் தருவார்கள். தெரியாததை வீட்டில் வாசித்துக்கொண்டு வரலாம், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். உங்களைப் பற்றி விசாரித்தால் கோபப்படாதீர்கள், விசாரிக்கத்தான் வேண்டும்.

எங்கள் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு இன்னும் ஒருவர் தேவை. உங்கள் கோயில் பங்கிலும் தேவைப்படும். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்துக் கேளுங்கள்.