தூக்காதீங்க, ரேம்ப் போடுங்க

ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்ணிட்டிருக்கற அந்த ஆபீஸ் வீடியோவ நானும் பாத்துட்டேன். இன்பாக்ஸ்ல வேற "அக்கா, பாத்தீங்களா, கண்ணு கலங்கிருச்சு"ன்னு அனுப்பியிருக்கீங்க. எனக்கும் கலங்குச்சு, ஆனா வேற காரணத்துக்கு. எல்லாரையும் சேத்துக்கறோம்னு கொண்டாடற டைவர்சிட்டி டே, பின்னாடி அவ்ளோ பெரிய பேனர், வீல்சேர்ல இருக்கற தம்பிக்கு அவார்டு, மேடைக்கு மூணு படி. நாலு பேரு சேரோட அலேக்கா தூக்குறாங்க, கூட்டம் கைதட்டுது. அந்தத் தம்பி கை ரெண்டும் சேர எப்படி இறுக்கிப் புடிச்சிருக்குன்னு யாராவது பாத்தீங்களா? "சிரிச்சாருல்ல"ன்னு கேக்காதீங்க. சம்பளம் குடுக்கற எம்.டி. முன்னாடி, அந்தரத்துல தொங்கிட்டு, வேற என்னதான் பண்ணுவாரு?

தூக்காதீங்க. ரேம்ப், அதான் வீல்சேர் ஏறுற சாய்வுப் பாதை, அதப் போடுங்க. அவ்ளோதான் நான் சொல்ல வர்றது.

"நல்ல மனசோடதானே செஞ்சாங்க, அதுலயும் குத்தமா"ம்பீங்க. நல்ல மனசுதான், யாரு இல்லன்னா. ஆனா அவார்டு அவருக்குத்தான்னு முன்னாடியே தெரியும்ல? பேனர் அடிக்க, பொக்கே வாங்க, போட்டோகிராபர் புடிக்கல்லாம் நேரம் இருந்துச்சுல்ல? கணக்கு ரொம்ப சிம்பிள், 1 அடி உயரத்துக்கு 12 அடி சாய்வு. ஆறு இஞ்ச் படி மூணுன்னா 18 அடி. மேடை போட்டவர்கிட்டயே சொல்லியிருந்தா பலகை அடிச்சுக் குடுத்திருப்பாரு. அதுவும் முடியலையா, மேடையே வேணாம், கீழ வச்சுக் குடுங்க. எம்.டி. மூணு படி இறங்கி வந்தா தேஞ்சா போயிருவாரு?

"ஒருத்தருக்காகவா இவ்ளோ செலவு"ன்னு ஒரு கமெண்ட். ஏன் ஒருத்தரு மட்டும் இருக்காருன்னு யோசிச்சீங்களா சார்? உள்ள வரவே வழி இல்லன்னா ரெண்டாவது ஆள் எங்கருந்து வருவாரு. அப்புறம் இது உங்க தயவும் இல்ல. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு 1995லயே சட்டம் வந்துச்சு, 2016ல புதுச் சட்டம், 2017 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. தனியார் கம்பெனியும் சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணு எழுதி வச்சாகணும், 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா என்னென்ன வசதி செஞ்சிருக்கோம்னு அதுல சொல்லணும். உங்க எச்.ஆர்.கிட்ட அதக் காட்டச் சொல்லிப் பாருங்க, அவங்க முழிக்கிற முழிய தனி வீடியோவா போடலாம். 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, மாற்றுத்திறனாளிகள் எங்கயும் தடையில்லாம வந்து போறதுக்கான இந்த அணுகல் விதியெல்லாம் வெறும் பரிந்துரையா இருந்தா ஆகாது, கட்டாயமாக்குங்கன்னு.

நானும் வீல்சேர்லதான். முன்னாடி வேலை பாத்த இடத்துல, எங்க ஃப்ளோர்லயே வீல்சேர் போற டாய்லெட் இருந்துச்சு. கதவுல நீலக் கலர் ஸ்டிக்கர்லாம் ஒட்டியிருக்கும். திறந்தா மாப்பு, பக்கெட்டு, உடைஞ்ச சேரு, போன வருஷத்து கிறிஸ்துமஸ் மரம். அட்மின்கிட்ட சொன்னா "மேடம், வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் அடிங்க, காலி பண்ணித் தர்றோம்"ங்கறாரு. ஒண்ணுக்குப் போறதுக்கு போன் போட்டு சொல்லிட்டுப் போகணும்! வேற வழி, சித்திரை வெயில்லயும் தண்ணி குடிக்காம உக்காந்திருப்பேன். யூரின் இன்ஃபெக்ஷன் வந்து லீவு போட்டா அப்ரைசல்ல அட்டெண்டன்ஸ் சரியில்லன்னு எழுதுனாங்க. அதே வருஷம் மகளிர் தினத்துக்குப் பேச என்னயத்தான் கூப்டாங்க, இன்ஸ்பிரேஷனாம்.

அதக் கூட பொறுத்துக்கிட்டேங்க. டீம்ல எல்லாரும் மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட்டுக்குப் போயிட்டு வந்தாங்க, எனக்கு மட்டும் மெயிலே வரல. போட்டோ பாத்துதான் தெரியும். கேட்டா "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."னு இழுக்குறாங்க. கஷ்டமா இல்லையான்னு நான்தானே சொல்லணும்? பக்கத்து சீட்டுல உக்காந்து தினமும் என் டிபன் பாக்ஸ்ல கை விட்டு சாப்பிடற ஆளுங்க அது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

"எப்பப் பாரு நெகட்டிவாவே பேசுறீங்க"ன்னு சொல்ல வர்றவங்க தாராளமா அன்ஃபாலோ பண்ணிக்கலாம். மத்தவங்க தயவுசெஞ்சு கீழ வந்து ஹார்ட்டு போட்டு, நீங்க ரொம்ப ஸ்ட்ராங்குன்னு எழுதாதீங்க. நாளைக்கு ஆபீஸ் போனா ஸ்டிக்கர் ஒட்டுன அந்தக் கதவத் திறந்து, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து எழுதுங்க.