ஒரே நாளில் பிறந்த நாடா லாட்வியா?

ஜெர்மனி போரில் தோற்றதால் லாட்வியாவுக்குச் சுதந்திரம் தானாகக் கையில் வந்து விழுந்தது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1918 நவம்பர் 18 அன்று ரீகா நகர நாடக அரங்கில் லாட்வியக் கட்சிகளின் பிரதிநிதிகள் அடங்கிய மக்கள் மன்றத்தின் 38 பேர் கூடிச் சுதந்திரத்தை அறிவித்தார்கள், சரி. அந்த நிகழ்ச்சிக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு புகைப்படம். மேடையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களை நான் பல முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அன்று அவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படைகூடக் கிடையாது.

அப்புறம்தான் உண்மையான சோதனை. ஒன்றரை மாதத்துக்குள் போல்ஷெவிக் படை ரீகாவைப் பிடித்துவிட்டது. பிரதமர் கார்லிஸ் உல்மானிஸின் அரசு லியபாயா துறைமுகத்துக்கு ஒதுங்கியது. அங்கேயும் 1919 ஏப்ரலில் ஜெர்மன் ஆதரவுப் படையினர் ஆட்சியைக் கவிழ்க்க, 'சரடோவ்' என்ற கப்பலில்தான் அரசு தஞ்சம் புகுந்தது. நினைத்துப் பாருங்கள், ஒரு நாட்டின் அரசாங்கமே மாதக்கணக்கில் ஒரு கப்பலுக்குள்! ஜூனில் செசிஸ் போரில் எஸ்தோனியர்களும் லாட்வியர்களும் தோளோடு தோள் நின்று வென்ற பிறகே அது ரீகா திரும்ப முடிந்தது. எஸ்தோனியர்களின் இந்த உதவியைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லாதது பெரிய குறை.

அதே ஆண்டு நவம்பர் 11இல், பெர்மோண்ட் என்பவர் தலைமையில் ஜெர்மானியரும் ரஷ்யரும் கலந்திருந்த படையையும் லாட்வியர்கள் ரீகாவிலிருந்து விரட்டினார்கள். ரஷ்யாவுடன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 1920 ஆகஸ்ட் 11இல். பெர்மோண்ட்டின் படையை விரட்டிய அந்த நாளின் நினைவாக, இன்றும் நவம்பர் 11 மாலையில் ரீகா கோட்டைச் சுவரோரம் மக்கள் வரிசையாக மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறார்கள்.