மனது வராவிட்டாலும் ஸ்தோத்திரம்

உள்ளத்தில் நன்றி எழாதபோது வாயால் ஸ்தோத்திரம், அதாவது தேவனுக்கு நன்றித் துதி, சொல்வது பாசாங்கு என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் அப்போஸ்தலன் பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் அடி வாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடினார்கள் என்றுதான் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16-ல் இருக்கிறது, அவர்களுக்குப் பாட மனது வந்ததா என்று அங்கே ஒரு வரியும் இல்லை. பூமி அதிர்ந்து கதவு திறந்ததெல்லாம் அப்புறம்தான்.

ஆபகூக் தீர்க்கதரிசி அதற்கும் மேலே. ஒலிவமரத்தில் பலன் இல்லை, வயலில் தானியம் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்றாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். நிலத்தை நம்பிப் பிழைத்த ஜனத்துக்கு அது பட்டினிக் கணக்கு. இங்கே பெங்களூரில் ஐடி வேலை போய், அல்சூரில் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கும் திண்டாடுகிற ஒருவர் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை வைத்தால் அதை நடிப்பு என்பீர்களா?

சரி, ஒரு விஷயத்தில் கட்டுரையாளர் பக்கம்தான் நானும். துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்று ஆரம்பிக்கும் ஆட்கள் நம் தமிழ்ச் சபைகளில் நிறைய, சில போதகர்களும் சேர்த்துத்தான். சங்கீதம் 88 கடைசி வரி வரை இருட்டாகவே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். அழுகிறவர்களுடனே அழச் சொன்னதும் அதே பவுல், ரோமர் 12-ல். ஒருவர் தாமாகத் தேவனிடம் சொல்ல வேண்டியதை நாம் நின்று கேட்டு வாங்கக்கூடாது, அதிலும் அடக்கம் முடிந்த அன்றைக்கே.