கால் வைக்க ஒரு நல்ல படி இல்லையே

பண்ருட்டி பக்கம் எங்கள் முந்திரித் தோப்புக்கு மினி டிராக்டர்தான் சரி. 2011 தானே புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது கிளை பரப்பி நிற்கின்றன. பெரிய வண்டி உள்ளே நுழையாது. உழவில் ஒரு குறையும் இல்லை. ஏறி இறங்குவதுதான் தினமும் பெரும்பாடு.

கால் வைக்க இடதுபுறம் ஒரு சின்ன இரும்புத் தகடு. பாதி பாதம்கூடப் பதியாது. மழை பெய்தால் செம்மண் அப்பி வழுக்கும். பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அது திரும்புகிறது, மட்கார்டைப் பிடித்தால் வெயிலில் கை பொசுங்குகிறது. அப்புறம் கால்களுக்கு நடுவே கியர் கம்பி. அப்பாவின் வேட்டி அதில் மாட்டாத நாளே இல்லை.

அவருக்கு 68 வயது, மூட்டு வலி வேறு. வழியில் ஒரு கிளை கிடந்தாலும் இறங்கி எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏற வேண்டும். போன வாரம் இறங்கும்போது கால் வழுக்கி முழங்கால் வீங்கிவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். சொரசொரப்பான அகலமான படி, மட்கார்டில் ஒரு கைப்பிடி. இதற்கு என்ன பெரிய செலவு? வெல்டிங் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். இனி அது வரும்வரை அப்பாவை ஏறவிட மாட்டேன்.