பூண்டு அங்கே மருந்து மட்டுமல்ல

மெக்சிகோ நாட்டு வைத்தியத்தில் பூண்டின் இடம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பூண்டின் பயனை இருமல், வயிற்றுப்பூச்சி என்ற இரண்டோடு அது முடித்துக்கொண்டது கொஞ்சம் ஏமாற்றம்தான். 'குராந்தேரா' எனப்படும் அங்குள்ள வைத்தியப் பெண்கள் மருந்தையும் கண்ணேறு கழிப்பதையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. நசுக்கிய பூண்டையும் பட்டையையும் கொதிக்கவிட்டு, இறக்கியபின் எலுமிச்சையும் தேனும் கலந்து கொடுத்தால் அது சளிக்கு. அதே பூண்டு ஒரே பல்லாக விளைந்திருந்தால் அதற்கு 'ஆஹோ மாச்சோ' என்று பெயர். கைப்பையில் போட்டுக்கொண்டால் காவல். மெக்சிகோ நகரத்தின் சொனோரா சந்தையில் மூலிகைக் கட்டுகளோடு சிவப்பு நாடா கட்டிய பூண்டுச் சரங்களும் விற்கிறார்கள். இத்தனைக்கும் பூண்டு அந்த மண்ணின் பயிரே இல்லை, ஸ்பானியர்கள் கொண்டுபோய் இறக்கியது!

கட்டுரையில் வரும் "இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்ற வரியைத்தான் ஏற்க முடியவில்லை. பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் வைத்துக் கட்டினால் வெந்து கொப்புளம் போடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் பூண்டு மாத்திரையைத் தொடக்கூடாது. அப்புறம், குழந்தைகளுக்கு வரும் 'எம்பாச்சோ' என்ற வயிற்றுக் கோளாறுக்குப் பூண்டோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. அதற்கே அசார்கோன், கிரேட்டா என்ற பொடிகளையும் சிலர் கொடுத்தார்கள். இரண்டுமே ஈயச் சேர்மங்கள். அவற்றால் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஈய நச்சு ஏறியது 1980களிலேயே பதிவாகியிருக்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.