ஆட்களை வெட்டிவிட்டால் அமைதிதான்

யாருடைய பதிவு என்று சொல்லத் தேவையில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜப்பானிய மர அச்சு ஓவியர் ஹொக்குசாய் வரைந்த, ஒண்டென் என்ற ஊரின் நீர்ச்சக்கரப் படத்தில் ஆட்களை முடிந்தவரை வெட்டிவிட்டு, சக்கரத்தையும் ஃபூஜி மலையையும் மட்டும் போட்டு, "அக்கால ஜப்பானியக் கிராமத்தின் அமைதி" என்று எழுதியிருந்தார். முழுப் படத்தையும் பாருங்கள் என்று கருத்திட்டேன். அது நீக்கப்பட்டது. எல்லாவற்றிலும் அரசியல் பார்க்கிறேனாம்.

சரி, என் சுவரிலாவது சொல்கிறேன். அந்தப் படத்தில் தானிய மூட்டை சுமந்து ஆண்கள் குனிந்து நடக்கிறார்கள். ஓடும் நீரில் பெண்கள் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறுவன் ஆமையைக் கயிற்றில் கட்டி இழுக்கிறான். அம்மாவுக்கு வேலை முடியவில்லை, அவனுக்குப் பொழுது போகவேண்டுமே! மலை அங்கே எங்கோ தூரத்தில் இருக்கிறது. வேலைதான் கண்ணெதிரே இருக்கிறது.

இது ஒரு படத்தோடு முடிவதில்லை. அதே ஹொக்குசாயின் தோதோமி மாகாண மலைப் படத்தில் பிரம்மாண்டமான மரத்துண்டின் மேல் ஒருவன் நின்று அறுக்கிறான், அடியில் இன்னொருவன் அறுக்கிறான். அதே காலத்து இன்னொரு மர அச்சு ஓவியர் ஹிரோஷிகே வரைந்த மினாகுச்சி என்ற ஊரின் படத்தில் பெண்கள் சுரைக்காயை நாடாவாகச் சீவி வெயிலில் காயப்போடுகிறார்கள். எங்கும் வேலை, வேலை, வேலை.

என் வீட்டுச் சுவரில் ஒண்டென் படத்தின் மலிவான மறுஅச்சு ஒன்று மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "ஃபூஜி எங்கே?" என்றுதான் தேடுகிறார்கள். மூட்டைக்காரனை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் மைத்துனர் மட்டும் ஆமையைக் கண்டுபிடித்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை மன்னித்துவிடலாம்.

"அவர்கள் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ஓவியர்கள், நகரத்தாருக்கு விற்க வரைந்தவர்கள், இதெல்லாம் ஆவணமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஹிரோஷிகே, அதிகம் பனி விழாத கன்பாரா என்ற ஊரில் கனத்த பனியை வரைந்தவர்தான். ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன? விற்பதற்கு வரைந்தவரே உழைப்பாளியை விட்டுவிடவில்லை. இலவசமாகப் பகிர்கிற நீங்கள் ஏன் வெட்டுகிறீர்கள்?

"அழகை ரசிக்கக் கூடாதா?" ரசியுங்கள் சாமி, யார் தடுத்தது?

ஆனால் அமைதி என்று மட்டும் சொல்லாதீர்கள். எடோவிலிருந்து கியோத்தோவுக்குப் போகும் தொக்காய்தோ நெடுஞ்சாலையின் ஊர்களை ஹிரோஷிகே வரைந்த பட வரிசை 1833, 34 வாக்கில் வெளிவந்தது. அதே 1833இல்தான் தென்போ பஞ்சம் தொடங்கியது. 1837இல் ஒசாகாவில் ஓஷியோ ஹெய்ஹச்சிரோ என்ற முன்னாள் காவல் அதிகாரி பசித்தவர்களுக்காகக் கலகமே செய்தார். விளைந்த நெல்லை வரியாக அளந்துவிட்டு, வாற்கோதுமையும் தினையும் கலந்து வயிற்றை நிரப்பியவர்கள் அக்காலக் குடியானவர்கள். இதைச் சொல்வது அரசியலாம், சொல்லாமல் வெட்டுவது ரசனையாம்.

நானும்தான் ஹொக்குசாய், ஹிரோஷிகே என்று அடுக்குகிறேன். செர்ரி மரப்பலகையில் மயிரிழைக் கோட்டைச் செதுக்கியவர் யார்? வண்ணத்துக்கு ஒரு பலகையாக மை தடவி, தாளைப் பிசகாமல் பொருத்தித் தேய்த்து அச்சிட்டவர் யார்? பெரும்பாலான தாள்களில் ஓவியரின் கையொப்பம் இருக்கிறது, பதிப்பாளரின் முத்திரை இருக்கிறது. செதுக்கியவர் பெயரைத் தேடிப் பாருங்கள். அவர்களை வெட்டக்கூட யாருக்கும் கத்தரி தேவைப்படவில்லை.